இடது கண்ணின் அரை மில்லிமீட்டர்

அடி வாங்கிய கதை என்னிடம் நிறைய உண்டு. மூக்கு உடைந்திருக்கிறது. வலது தோள் ஒருமுறை கழன்று, திடலிலேயே படுக்கப் போட்டு இழுத்து மாட்டினார்கள். போர்ட் கிள்ளானில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கிடங்கில் ஒரு மரப்பலகை பாதத்தில் விழுந்து கட்டைவிரல் நகம் பிய்ந்து போனது. எதற்கும் நான் அழுததில்லை. கிள்ளான் பக்கம் கபடி ஆடும் பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தேவிக்கு வாய் நீளம், கை அதைவிட நீளம் என்று.

அப்படிப்பட்ட என்னைத் தரையில் உருளவைத்தது என் இடது கண். அதுவும் கண் முழுக்க இல்லை. அதன் முன்பக்கத்தில், அரை மில்லிமீட்டர் கனத்தில் இருக்கிற, கருவிழி என்கிற ஒரு தெளிந்த தோல். எங்கள் அணிப் பெண்கள் இன்னமும் கண்ணில் லென்ஸோடு தூங்கி எழுந்து பயிற்சிக்கு வருகிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். படித்த பிறகும் அப்படியே தூங்குகிறவளை நேரில் வந்து உதைப்பதாக இருக்கிறேன்.

எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பவள் ஒரு மங்கலான சட்டைதான். கண்ணாடி போட்டுக்கொண்டு கபடி ஆட முடியாது, மூக்கோடு சேர்த்து உடைத்துவிடுவார்கள். ஆகவே லென்ஸ். வேலை முடிந்து, பயிற்சி முடிந்து, வீட்டுக்கு வந்தால் படுக்கை கூப்பிடும். லென்ஸைக் கழற்றக் கை கழுவ வேண்டும், கண்ணாடி முன் நிற்க வேண்டும், பொறுமை வேண்டும். பொறுமைக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. மாதக் கணக்கில் போட்டபடியே தூங்கினேன்.

அப்போதே ஓர் எச்சரிக்கை வந்தது. காலையில் எழுந்தால் தெருவிளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தது. பிரிக்பீல்ட்ஸில் எனக்கு லென்ஸ் விற்கும் கண்ணாடிக் கடை அங்கிளிடம் சொன்னேன். அவர் என்னைப் படுக்கையிலிருந்து எழுந்த கையோடு, லென்ஸைக் கழற்றாமல் வரச்சொன்னார். அவர் கையாலேயே கழற்றி, ஒரு கருவியில் தாடையை வைக்கச்சொல்லி, கருவிழியின் தடிமனை அளந்தார். அன்று சாயங்காலம் மறுபடி வரச்சொல்லி அளந்தார்.

"பாரும்மா, காலையில வீங்கியிருக்கு. இப்ப வடிஞ்சிருக்கு," என்றார். "கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது. வெளிக் காத்துலேர்ந்துதான் மூச்சு வாங்குது. தூங்குனா இமை மூடிடும், எல்லாருக்கும் கொஞ்சம் வீங்கும். நீ அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக்கையும் போட்டு அமுக்குறே."

"காலையில யாருக்குத்தான் முகம் வீங்கல, அங்கிள்?"

"முகம் வீங்கினா பவுடர் போட்டுக்கலாம். இது வீங்கினா மேல்தோல் இளகிப் போகும். பிளாஸ்டிக் உரசுனா கீறல் விழும். அந்தக் கீறல்ல எது வேணும்னாலும் உள்ள போகும்லா. ராத்திரி கழட்டிப் போடு."

சரி அங்கிள் என்றேன். கழற்றவில்லை.

பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங் அணியோடு எங்களுக்கு அரையிறுதி ஆட்டம். கிள்ளானில் ஒரு பள்ளித் திடல், முந்தின நாள் புல் வெட்டியிருந்தார்கள், மழை வேறு. நான் ரெய்டர். அதாவது எதிரணிப் பக்கம் தனியாகப் போய், மூச்சு விடாமல் கபடி கபடி என்று பாடிக்கொண்டு, அவர்களைத் தொட்டுவிட்டு உயிரோடு திரும்ப வேண்டியவள். ஒவ்வொரு முறையும் நடுக்கோட்டில் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவேன். அங்கே போனால் ஏழு பேர் மேலே பாய்வார்கள். இடுப்பைப் பிடித்துத் தூக்கி அடிப்பார்கள், காலை வாரிவிடுவார்கள், முடி அகப்பட்டால் அதையும் விடமாட்டார்கள். எனக்கு அது பிடிக்கும். கிடங்கில் மேற்பார்வையாளனிடம் வாங்கிய பேச்சையெல்லாம் அங்கேதான் நான் திருப்பிக் கொடுப்பேன்.

எதிரணியில் மீரா என்று ஒருத்தி. தொழிற்சாலையில் வேலை, கட்டையான உருவம், இரும்புக் கை. மணிக்கட்டைப் பிடித்தால் அவ்வளவுதான், அவள் விரல் பதிந்த இடம் பல நாளுக்கு நீலமாக இருக்கும். அன்றைய கடைசி ரெய்டில் அவள் என் மணிக்கட்டைப் பிடிக்க, மற்றவர்கள் மேலே விழ, நான் அந்தக் குவியலையே இழுத்துக்கொண்டு கோட்டை நோக்கி ஊர்ந்தேன். அவள் முழங்கை என் முகத்தில் இறங்கியது. வாயில் ரத்தம். விரல் நுனி கோட்டைத் தொட்டது, ஜெயித்தோம். எழுந்ததும் அவள் விலாவில் ஒரு குத்து விட்டேன். அவள் என் கழுத்தைப் பிடித்தாள். நடுவர் பிரித்துவிட்டார்.

அன்றிரவும் லென்ஸோடு தூங்கினேன். மறுநாள் கண்ணில் உறுத்தல். லென்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, தூசி என்று நினைத்துக் கண்ணைக் கழுவினேன். அதற்கடுத்த நாள்களில் உறுத்தல் எரிச்சலானது, எரிச்சல் குத்தலானது. அம்மா கண்ணில் வைக்க நந்தியாவட்டைப் பூ கேட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினார். ஒரு மண்ணும் வேண்டாம் என்று கத்தினேன். ஒருநாள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் யாரோ கண்ணுக்குள் ஆணியை வைத்து அடித்தார்கள். நான் குளியலறைக் கதவை எட்டி உதைத்தேன். கீல் பெயர்ந்து கதவு சாய்ந்தது. பிறகு தரையில் உட்கார்ந்து என் தொடையையே குத்திக்கொண்டேன். வேறெங்காவது வலித்தால் கண் வலி குறையும் என்று ஒரு நப்பாசை.

என் அண்ணன் குணா கன்டெய்னர் லோரி ஓட்டுபவர். அன்று வேலைக்குப் போகவில்லை. என் தலைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, காரில் ஏற்றி, கோலாலம்பூரில் ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் முன்னால் போன ஒவ்வொரு வண்டிக்காரனின் குடும்பத்தையும் திட்டிக்கொண்டே போனார். காத்திருக்கும் கூடத்தில் எண்ணை அழைக்கும் மணி அடிக்க அடிக்க, எனக்கு அந்த மணியைப் பிடுங்கி எறியத் தோன்றியது. பக்கத்தில் ஒரு பெரியவர் தொலைபேசியில் சத்தமாகச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் முன் போய் இடுப்பில் கை வைத்து நின்றார். பெரியவர் செய்தியை அணைத்துவிட்டார்.

டாக்டர் அனிதா என் வயதுக்காரி, பிரிக்பீல்ட்ஸ் பெண். இமையை விரலால் பிரித்து விளக்கடித்துப் பார்த்தார்.

"கருவிழியில புண்ணு. வெள்ளையா ஒரு குழி தெரியுது. லென்ஸ் போட்டுத் தூங்குனீங்களா?"

"ஆமா."

"மாட்டும்போது தண்ணியில கழுவுவீங்களா?"

"இல்ல. சொல்யூஷன்தான்."

"கண்ணுல மண்ணு, செடி, குப்பை எதாச்சும் விழுந்துச்சா?"

"ஒண்ணும் விழல. முழங்கைதான் விழுந்துச்சு. கபடி ஆடுனேன், ஒருத்தி இடிச்சா."

டாக்டர் தலையாட்டினார். லென்ஸோடு தூங்குகிறவர்களுக்கு வழக்கமாக வருகிற ஒரு பாக்டீரியா உண்டாம், அதுவாகத்தான் இருக்கும், ஆனாலும் சுரண்டிப் பார்த்துவிடலாம் என்றார். சுரண்டுவது என்றால் என்ன என்று கேட்டேன். சொன்னார். புண்ணின் ஓரத்தையும் அடியையும் சின்னக் கத்தியால் வழித்தெடுத்து ஆய்வுக்கு அனுப்புவது. மரத்துப்போக மருந்து விடுவோம், லேசாகத்தான் தெரியும் என்றார்.

மருந்து விட்டார்கள். கத்தி வருவது நன்றாகத் தெரிந்தது. வலியைவிட அதுதான் மோசம், ஒரு கத்தி உங்கள் பார்வைக்குள்ளேயே நுழைந்து பெரிதாகிக்கொண்டே வரும், நீங்கள் இமைக்கக் கூடாது. முதல் வழிப்புக்குத் தாங்கினேன். இரண்டாவதற்கு என் கை தானாகப் போய்விட்டது. தலையைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளரின் மூக்கில் குத்து. அவர் நல்ல மனிதர். மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு, பரவாயில்லைக்கா, நீங்க கபடின்னு முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்றார். கிடைத்தவரையில் போதும் என்று டாக்டர் நிறுத்திவிட்டார்.

வார்டில் சேர்த்தார்கள். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து, பகலும் இரவும். ஒவ்வொரு சொட்டும் கண்ணில் மிளகாய்ச்சாறு விட்ட மாதிரி இருக்கும். அந்த எரிச்சல் அடங்கி மூச்சு விடும்போது தாதி அடுத்த புட்டியோடு நிற்பாள். கண்மேல் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் மூடியை ஒட்டிவைத்தார்கள். தூக்கத்தில் என் கை கண்ணுக்குப் போவதைப் பார்த்த ஒரு தாதி, இன்னொரு தடவை கை மேலே போனால் கட்டிலோடு கட்டிவிடுவேன் என்று மலாயில் சொன்னாள். கட்டிப் பாரேன் என்று நானும் மலாயில் சொன்னேன். எங்களுக்குள் ஒரு மரியாதை ஏற்பட்டுவிட்டது.

தினமும் காலையில் தடிமனை அளக்கும் இயந்திரத்துக்குக் கூட்டிப்போவார்கள். நெற்றியைப் பட்டையில் அழுத்தி, தாடையை வைத்து, வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். வெளிச்சமே எதிரியாக இருக்கிற கண்ணை ஒருவர் விரலால் பிளந்து பிடிக்க, இயந்திரம் கருவிழியைக் குறுக்காக வெட்டிய மாதிரி ஒரு படம் எடுக்கும். மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். என் வலது கண் ஐந்நூற்று நாற்பது மைக்ரான் சொச்சம், அதாவது சாதாரணம். இடது கண் முதல் நாள் எழுநூற்றைத் தாண்டியிருந்தது.

"கனமா இருந்தா நல்லதுதானே, டாக்டர்?"

"இல்ல தேவி. அது வீக்கம். தண்ணி கோத்துக்கிட்டு நிக்குது. வடியணும். ஆனா புண்ணு இருக்குற இடத்துல மட்டும் குறையக் கூடாது. அங்க குறைஞ்சா, கிருமி தின்னுக்கிட்டே போகுதுன்னு அர்த்தம். தின்னு தின்னு ஓட்டை விழுந்தா, உள்ள இருக்குற தண்ணி வெளிய வந்துடும். அப்புறம் அவசர ஆபரேஷன். யாராவது தானம் பண்ண கருவிழி கிடைச்சாத்தான் தைக்க முடியும். கிடைக்கலன்னா கண்ணையே எடுக்க வேண்டி வரலாம்."

அன்றிலிருந்து எனக்கு அந்த எண் மட்டும்தான் உலகம். ஓரங்களில் வீக்கம் வடிந்தது, புண்ணின் குழியில் எண் இறங்கியது. நானூறு. பிறகு அதற்கும் கீழே. ஆய்வுக்குப் போன துணுக்கிலிருந்து எந்தக் கிருமியும் வளரவில்லை என்று பதில் வந்தது. மருந்தை மாற்றினார்கள், எரிச்சல் மட்டும் மாறியது. எனக்குப் பயமாக இருந்தது. பயந்தால் நான் கத்துவேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன், பக்கத்துக் கட்டில் மலாய் அத்தை, மக்சிக்கின் ரேடியோவை அணைக்கச்சொல்லி அவரை அழவைத்தேன், அம்மாவை வீட்டுக்குப் போ என்று விரட்டினேன்.

அம்மா போகவில்லை. தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவர் புறங்கையில் தீக்காயம். என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. அண்ணன்தான் சொன்னார். நான் எப்படிப் பார்ப்பேன் என்று தெரிந்துகொள்ள, அம்மா இடது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டில் வேலை செய்கிறாராம். தேநீரைக் குவளைக்குப் பதில் கையில் ஊற்றிக்கொண்டாராம். அதைக் கேட்டு மூடிக்குள் கண் எரிய எரிய அழுதேன். அழுத கண்ணீர் புண்ணில் பட்டு இன்னும் வலித்தது.

அண்ணனின் பாசம் வேறு மாதிரி. அவருக்கு யாரையாவது அடிக்க வேண்டும், கிருமியை அடிக்க முடியாது.

"யாரு அந்தப் பொண்ணு? முழங்கையால இடிச்சவ?" என்று ஒருநாள் கேட்டார்.

"மீரா. தெலுக் பங்லிமா காராங். பொம்பளைய அடிக்கப் போறியா?"

"அவளுக்கு அண்ணன் கிண்ணன் இருப்பான்ல."

இருந்தான். பிரேம் என்று பெயர், தங்கையை வேலையிலிருந்து கூட்டிப்போகத் தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து தொழிற்சாலை வாசலில் நிற்பவன். அண்ணன் லோரியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி, மீராவின் அண்ணனா என்று கேட்டு, ஆமாம் என்றதும் ஹெல்மெட்டைப் பிடுங்கி அதனாலேயே வாயில் அடித்திருக்கிறார். முன்பல் ஒன்று உடைந்தது. மோட்டார் சைக்கிளைக் கால்வாயில் தள்ளிவிட்டு வந்தார். என் கட்டிலோரம் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அவர் கைமுட்டி வீங்கியிருந்தது. நன்றாகச் செய்தாய் என்றேன். அப்போது எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. குழியில் எண் முந்நூற்றுக்குக் கீழே போயிருந்த நாள் அது.

மறுநாள் மத்தியானம் மீரா வந்தாள். தொழிற்சாலைச் சீருடை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கட்டிலுக்கு முன்னால் வந்து பையைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்கண்ணன் பல்லு போச்சு. ஏன்னு கேக்க வந்தேன்."

"உன் முழங்கையக் கேளு."

"என் முழங்கை உன் தாடையில பட்டுச்சு. கண்ணுல படல. எங்க கோச் வீடியோ எடுத்திருக்காரு. பாக்குறியா?"

"ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு உன் வீடியோவப் பாக்கணுமா?"

"பாத்துட்டு உங்கண்ணனுக்குக் காட்டு. அந்த லோரிக்காரன் நாய்..."

அதற்குமேல் அவளைப் பேசவிடவில்லை. கட்டிலிலிருந்து பாய்ந்து அவள் முடியைப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். ஒற்றைக் கண்ணில் தூரம் தெரியாது, என் குத்து காற்றில் போனது. அவள் என்னைக் கட்டில் கம்பியில் மோதினாள், நான் அவள் தோளைக் கடித்தேன். மருந்துத் தட்டு பறந்தது. மக்சிக் அல்லாவைக் கூப்பிட்டார். தாதி ஓடி வந்து எங்கள் நடுவில் புகுந்து, அவளும் ஒரு முழங்கை வாங்கிக்கொண்டாள். அந்தத் தள்ளுமுள்ளில் என் கால் தரையில் இருந்த பையில் இடறியது. டப்பா திறந்து புளிச்சோறு சிதறியது. என் வெறுங்கால் சோற்றில்.

நான் நின்றுவிட்டேன். மீராவும் கையை விட்டுவிட்டாள்.

"அம்மா குடுத்து விட்டாங்க," என்றாள் மூச்சிரைக்க. "சண்டைக்குத்தான் போறேன்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோட போவக் கூடாதுன்னு கட்டிக் குடுத்துட்டாங்க."

சோற்றை மிதித்த கால் கூசியது. குனிந்து சோற்றைத் தொட்டு, கையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். இடது பக்கம் விரல் பிளாஸ்டிக் மூடியில் டக்கென்று இடித்தது.

வாசலில் டாக்டர் அனிதா நின்றிருந்தார். சத்தம் கேட்டு ஓடி வந்தவர். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தேவி, இப்ப என்ன செஞ்சீங்க?"

"அவதான் டாக்டர் முதல்ல வாய விட்டா."

"சண்டையக் கேக்கல. கையக் கண்ணுக்குக் கொண்டுபோனீங்களே."

"சோத்த மிதிச்சிட்டேன். தொட்டுக் கும்பிட்டேன். எல்லாரும் செய்றதுதானே?"

"இவ எல்லாரையும் விட ஜாஸ்தி," என்றாள் மீரா. "ஒவ்வொரு ரெய்டுக்கும் கோட்டுல குனிஞ்சு மண்ணத் தொட்டு ரெண்டு கண்ணுலயும் நல்லா அமுக்கிக்கிட்டுத்தான் வருவா. அந்த நேரத்துலதான் நான் காலச் சரியா ஊனி நின்னுக்குவேன்."

"மண்ணையா? பாய் மேல ஆடலையா நீங்க? டிவியில பாய் மேலதானே ஆடுறாங்க?"

"எங்களுக்குப் பாய்க்கு எங்க டாக்டர் போறது? ஸ்கூல் திடல்தான். அன்னிக்கு மழை வேற, வெட்டுன புல்லு கெடந்துச்சு."

டாக்டர் என் கட்டிலில் அப்படியே உட்கார்ந்தார். "நானும் தினம் காலையில கோயில் படியத் தொட்டு இப்படித்தான் ஒத்திக்கிறேன்," என்றார். "மண்ணு விழுந்துச்சான்னு கேட்டேன். தொட்டீங்களான்னு கேக்கத் தோணல எனக்கு."

எனக்கும் தோன்றவில்லை. மண் விழுவது என்றால் காற்றில் வந்து விழுவது. நானாகத் தொட்டு வைப்பது எனக்கு மண்ணே இல்லை, கும்பிடு. லென்ஸோடு தூங்கி வீங்கி இளகிக் கிடந்த கருவிழிமேல் ஈர மண்ணை நானே, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை முறையோ, பக்தியோடு வைத்து அழுத்தியிருக்கிறேன். மண்ணிலும் அழுகிய புல்லிலும் வாழ்கிற பூஞ்சைக் காளானாக இருக்கலாம் என்றார் டாக்டர். அப்படியானால் இதுவரை விட்ட மருந்து எதுவும் அதைத் தொட்டிருக்காது. உடனே மறுபடி ஆழமாகச் சுரண்ட வேண்டும். குழி மெலிந்துவிட்டதால் கத்தி ஒரு மயிரிழை தப்பினாலும் ஓட்டை விழுந்துவிடும், நான் அசையவே கூடாது. கையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். மூக்கில் குத்து வாங்கிய உதவியாளர் சுவரைப் பார்த்தார்.

"நான் பிடிக்கிறேன்," என்றாள் மீரா. "இவ கையப் பிடிச்சு எனக்குப் பழக்கம்."

பிடித்தாள். நாற்காலியின் இரு பக்கமும் என் மணிக்கட்டுகளை அழுத்தி, தன் முழு எடையையும் போட்டாள். கத்தி வந்தது. முன்பு வழித்த இடத்தைவிட உள்ளே போனது. எனக்கு உடம்பு முழுக்க எழுந்து ஓடத் துடித்தது, ஓட முடியவில்லை. அவள் காதில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் பதிலுக்குச் சொன்னாள். டாக்டர் இரண்டையும் கேட்டுக்கொண்டே வழித்தெடுத்தார். அன்றைக்கே நுண்ணோக்கியில் பார்த்து வந்து சொன்னார், நூல் நூலாகத் தெரிகிறது, பூஞ்சைதான்.

புது மருந்து பால் போல வெள்ளையாக இருந்தது, கண்ணில் சுண்ணாம்பாக ஒட்டியது. அது போதாதென்று கருவிழிக்குள்ளேயே ஊசியும் போட்டார்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மறுநாள் எண் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அம்மா வார்டு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த நாள் அதே எண். அதற்கடுத்த நாளும் அதே எண். அசையாமல் நிற்கிற ஒரு எண்ணைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்குத் தெரியாது. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். முழங்கை இல்லை, என் கைதான் என்று. அந்த வார இறுதியில் தெலுக் பங்லிமா காராங்குக்குப் போனார். திரும்பி வந்தபோது கன்னம் சிவந்து, உதடு கிழிந்திருந்தது.

"என்னண்ணே ஆச்சு?"

"நீயே அடிச்சுக்கோன்னு முன்னால போய் நின்னேன். அடிச்சான். நல்லாத்தான் அடிச்சான். அப்புறம் அவங்கம்மா சோறு போட்டாங்க. பல்லு கட்டுறதுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

வீட்டுக்கு வந்து மாதக் கணக்கில் சொட்டு மருந்து. புண் ஆறி வெள்ளைத் தழும்பானது. இடது கண்ணில் இப்போது ஆள் தெரியும், முகம் தெரியாது. தழும்பு இருக்கிற இடத்தில் அரை மில்லிமீட்டரில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம் மிஞ்சியிருக்கிறது. கண் தப்பித்தது, கபடி முடிந்தது என்றார் டாக்டர். ஒரு முழங்கை நேராகப் பட்டால் அந்த இடம் உடைந்துவிடும். கிடங்கிலும் ஃபோர்க்லிஃப்டைக் கொடுக்கமாட்டோம் என்று சரக்குச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வண்டி போனதைத் தாங்கிக்கொண்டேன். கபடி போனதைத் தாங்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் உள்ளுக்குள் அதை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை.

போன வாரம் அதே திடலில் அதே அணியோடு ஒரு நட்பு ஆட்டம். நான் ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு அணியும் சமமாக நின்றபோது எங்கள் ரெய்டர் காலைச் சுளுக்கிக்கொண்டாள். அவளுக்குப் பதில் யார் என்று நடுவர் கேட்டார். நான் எழுந்தேன். மோட்டார் சைக்கிள்காரர்கள் போடும் பட்டை வைத்த கண்ணாடி ஒன்றை என் பார்வைக்கு ஏற்ற பவரில் வாங்கிப் பையில் வைத்திருந்தேன், அதை மாட்டிக்கொண்டேன். ஒரே ஒரு ரெய்டு. ஆட்டம் பார்க்க வந்திருந்த அம்மா எழுந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், நான் திரும்பவில்லை. நடுக்கோட்டுக்கு வந்தேன். எதிரே ஏழு பேர் குனிந்து நின்றார்கள். உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறியது. பழக்கம் விடுமா, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் குனிந்தேன், மண்ணைத் தொட்டேன், கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

கை பாதி வழியில் நின்றது. மணிக்கட்டில் ஓர் இரும்புப் பிடி.

"விடுடி," என்றேன்.

"விடமாட்டேன்."

"ஒரு ரெய்டுதான் மீரா. ஒண்ணே ஒண்ணு."

"உன் கைய நான் பிடிச்சிருந்தப்ப நீ அலறுனது இன்னும் என் காதுல இருக்கு. மறுபடி அதக் கேக்க என்னால ஆவாது."

இழுத்துப் பார்த்தேன். உதைத்தேன், அவள் முழங்காலில் பட்டது, வாங்கிக்கொண்டாள். மண் ஒட்டிய என் விரல்கள் இன்னும் முகத்துக்கு முன்னால் விரிந்திருந்தன. அவள் அவற்றைத் தன் சட்டையில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக. அதற்குப் பிறகு எனக்கு இழுக்கத் தெம்பில்லை.

நடுவர் விசிலை ஊதினார். ரெய்டு தொடங்குமுன் எதிரணி ஆட்டக்காரி நடுக்கோட்டைத் தாண்டி வந்தது தவறு என்று கையைத் தூக்கி, எங்கள் அணிக்கு ஒரு புள்ளி கொடுத்தார். அந்தப் புள்ளியில்தான் நாங்கள் ஜெயித்தோம். என் மணிக்கட்டில் அவள் விரல்கள் பதிந்த நீலம் இதை எழுதும்போது மஞ்சளாகி மறைந்துகொண்டிருக்கிறது. நான் எடுத்த கடைசிப் புள்ளி அதுதான்.